எல்லை நகர்ந்தது, வீடு நகரவில்லை: கிளாஸ்கோ–பார்ட்டிக் குடும்பத் தேடல், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வசிக்கும் ஒரு பெண்மணி தன் தாத்தாவின் வேரைத் தேடிக்கொண்டிருந்தார். தாத்தா 1910இல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறியவர். முதல் உலகப் போரில் கனடியப் படையில் இருந்தார். அவர் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த குறிப்பு ‘கிளாஸ்கோவில் பிறந்தவர்’ என்றது. வீட்டுப் பேச்சும் அதுதான். கூடவே ஒரு கசப்பான கதையும் இருந்தது: தாத்தாவின் அப்பா, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் தவிக்க விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடிப்போனார் என்று.

விஷயம் என்னிடம் வந்தபோது அவரிடம் ஏற்கெனவே ஒரு வம்ச மரம் இருந்தது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியான பிரிட்ஜ்டனில் நெசவாளர்களாக இருந்த ஒரு குடும்பத்தில் தாத்தாவை ஒட்டியிருந்தார்கள். சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஒரு தேடல் தளத்தில், இடம் என்ற பெட்டியில் ‘கிளாஸ்கோ’, ஆண்டு 1889 என்று கொடுத்ததும் வந்து விழுந்த பெயர் அது. தாத்தாவின் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் பொருந்தின. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் பொருந்தவில்லை. ‘கனடாவில் எழுதும்போது யாரோ தவறாக எழுதியிருப்பார்கள்’ என்று அதைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

குடும்பத்தின் பெயரை இங்கே தரவில்லை. தெருவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டுப் பகுதியில் மிகப் பரவலான ஒன்று என்பதை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே பெயரில் கிளாஸ்கோவில் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்பதே பாதிச் சிக்கல்.

கையில் இருந்த தாள்கள்

பேத்தியிடம் உறுதியான தாள்கள் இரண்டு. ஒன்று, போருக்குப் பின் ஒன்டாரியோவில் நடந்த திருமணத்தின் பதிவு. அங்கே மணமகனின் பெற்றோர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கேட்டு எழுதுவது வழக்கம். இன்னொன்று 1915இல் கனடியப் படையில் சேர்ந்தபோது நிரப்பிய உறுதிமொழிப் படிவம்.

இந்தப் படிவத்தை நாங்கள் இருவரும் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தோம். ‘எந்த ஊரில், எந்த நாட்டில் பிறந்தீர்கள்’ என்ற கேள்விக்கு எதிரே ‘பார்ட்டிக், ஸ்காட்லாந்து’ என்று எழுதியிருந்தது. சற்றுக் கீழே, நெருங்கிய உறவினர்: தாய். முகவரியில் ஒரு கதவு எண், ஒரு தெரு, பிறகு ‘கிளாஸ்கோ’. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே மை.

பேத்தி இதை இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்திருக்கிறார். பார்ட்டிக் என்பது கிளாஸ்கோவின் ஒரு பேட்டை, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்பது முதல் வாசிப்பு. மகன் கனடா போனபின் தாய் பார்ட்டிக்கை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டாள் என்பது இரண்டாவது. இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் முதல் வாசிப்பு சரி. ஆனால் தாத்தா பிறந்த ஆண்டு 1889, நாட்டை விட்டுக் கிளம்பிய ஆண்டு 1910. அந்த இரண்டு ஆண்டுகளிலும் பார்ட்டிக் தனி நகராட்சி, 1852இலிருந்தே அப்படி. கிளாஸ்கோ அதை விழுங்கியது 1912 நவம்பரில். படிவத்தை நிரப்பியவர் தான் பிறந்தபோது இருந்த நிலையை மேலே எழுதினார். தாய்க்குக் கடிதம் போய்ச் சேர வேண்டிய நிலையைக் கீழே எழுதினார். இரண்டுமே பிழையில்லை. இந்த ஒரு தாளை நம்பி, இணைய மரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

அந்த முகவரி எந்தெந்த எல்லைக்குள் இருந்தது

அடுத்து எந்தத் தேடல் தளத்தையும் திறக்காமல், பார்ட்டிக் என்ற இடத்துக்கு ஆண்டு வாரியாக ஒரு அட்டவணை போட்டோம். இது நேரம் விழுங்கும் வேலை. பேத்திக்கு முதலில் பொறுமை இல்லை. ஆனாலும் இங்கே அவசரப்பட்டால் பிறகு எல்லாமே குழம்பும் என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்கிறேன்.

கிளாஸ்கோ ஒரே மூச்சில் பெரிதாகவில்லை. 1846இல் ஆண்டர்ஸ்டன், கால்ட்டன், கார்பல்ஸ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. 1891இல் ஹில்ஹெட், மேரிஹில், கோவன்ஹில், கிராஸ்ஹில், இரண்டு பொல்லக்‌ஷீல்ட்ஸ்கள். 1905இல் கின்னிங் பார்க். 1912இல் பார்ட்டிக், கோவன், பொல்லக்‌ஷாஸ். ஆகவே ‘1889இல் கிளாஸ்கோவில் பிறந்தவர்’ என்ற சொற்றொடர் ஹில்ஹெட்டையும் பார்ட்டிக்கையும் உள்ளடக்காது. ‘1895இல் கிளாஸ்கோவில்’ என்றால் ஹில்ஹெட் உண்டு, பார்ட்டிக் இல்லை.

இது நகராட்சி எல்லை மட்டும். அதோடு முடிந்தால் வேலை எளிது. ஸ்காட்லாந்தில் ஒரே வீட்டு வாசலின் மேல் ஐந்தாறு எல்லைக் கோடுகள் ஓடின. ஒவ்வொன்றும் தனித்தனி ஆண்டில் மாறியது. இதற்கு வெளியிலிருந்து ஆதாரம் தேட வேண்டியதில்லை. அக்கால மக்கள்தொகைக் கணக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்: சிவில் பாரிஷ் (ஏழை நிவாரணம் போன்ற உள்ளூர் நிர்வாகத்துக்கான வட்டாரம்), சபைப் பாரிஷ் (தேவாலய வட்டாரம்), பள்ளி வாரியம், நாடாளுமன்றத் தொகுதி, அரச நகராட்சி, போலீஸ் நகராட்சி (பெயர்தான் போலீஸ்; சொந்த நிர்வாகம் உள்ள நகரம்), ஊர், கிராமம். கணக்கெடுப்பவர் பொருந்தாதவற்றை அடித்துவிட்டுப் பொருந்துவதை நிரப்புவார். பெயர்களைத் தேடிப் போகிறவர்கள் அந்தத் தலைப்பைப் பார்ப்பதே இல்லை. நேராகக் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

பார்ட்டிக்குக்கு 1891இல் அந்தக் கட்டங்கள் எப்படி நிரம்பும்? போலீஸ் நகராட்சி பார்ட்டிக். கவுண்டி, அதாவது மாவட்டம், லானார்க். பிறப்பு, இறப்பு, திருமணம் எழுதிய பதிவு வட்டம் பார்ட்டிக். சிவில் பாரிஷ் மட்டும் கோவன். கோவன் என்றதும் கிளைட் ஆற்றின் தென்கரையில் இருக்கும் கப்பல் கட்டும் ஊர்தான் எவருக்கும் நினைவு வரும். பழைய கோவன் பாரிஷ் ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்தது. வடகரையில் கெல்வின் ஆற்றுக்கு மேற்கே உள்ள பார்ட்டிக்கும் ஹில்ஹெட்டும் அதற்குள் அடக்கம். 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வந்த பள்ளி வாரியமும் இந்தப் பாரிஷ் எல்லையையே எடுத்துக்கொண்டது. வடகரை ஹில்ஹெட்டில் இருக்கும் பள்ளியை 1885இல் கட்டியது கோவன் பாரிஷ் பள்ளி வாரியம் என்பது அதனால்தான்.

ஆக, கோவன் என்று ஒரு பதிவில் கண்டால் அது எந்தக் கோவன் என்று கேட்க வேண்டும். 1864 முதல் 1912 வரை தென்கரையில் இருந்த நகராட்சியா? இரு கரை பாரிஷா? பதிவு வட்டமா? 1885இல் உருவான நாடாளுமன்றத் தொகுதியா? பார்ட்டிக் குடும்பம் ஒன்று இவற்றில் சிலவற்றுக்குள் இருந்தது, சிலவற்றுக்கு வெளியே இருந்தது.

இன்னொரு முடிச்சு. 1912இல் நகராட்சி இணைந்தபோது பாரிஷ் இணையவில்லை. கிளாஸ்கோ மாநகராட்சிக்கு வரி கட்டிக்கொண்டிருந்த பார்ட்டிக்வாசி, சோற்றுக்கு வழியில்லாமல் போனால் கோவன் பாரிஷ் கவுன்சிலிடம்தான் போய் நிற்க வேண்டும். பாரிஷ் கவுன்சில்கள் ஒழிக்கப்பட்டு அந்தப் பொறுப்பு மாநகராட்சிக்கு வந்தது 1930இல்.

பிரிட்ஜ்டன் கிளையை வெட்டும் முடிவு

பார்ட்டிக் பதிவு வட்டத்தில் 1889ஐத் தேடியதும் தாத்தா கிடைத்தார். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஒன்டாரியோ பதிவோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவின் பெரிய வசதி, பெற்றோரின் திருமணத் தேதியும் இடமும் அதிலேயே இருக்கும். அரசுப் பதிவு தொடங்கிய 1855இல் இருந்தது, பிறகு விடுபட்டு, 1861 முதல் தொடர்ந்து இருக்கிறது. இங்கே 1887, பார்ட்டிக். அந்தத் திருமணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோரும் இருந்தார்கள். மணமகனின் பெற்றோர் ஆர்கைல் கவுண்டியின் டைரீ தீவைச் சேர்ந்தவர்கள்.

ஆனாலும் உடனே பிரிட்ஜ்டன் கிளையை வெட்டச் சொல்லவில்லை. சரியான ஆள் கிடைத்துவிட்டார் என்பதோடு நிற்காமல், தவறான ஆள் என்ன ஆனார் என்பதையும் காட்டினால்தான் அந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் ஏற்பார்கள் என்று நினைத்தேன். பல ஆண்டுகளாக அந்த நெசவாளர்களை முன்னோர் என்று நம்பி, சிலர் பிரிட்ஜ்டன் போய்ப் புகைப்படமும் எடுத்து வந்திருந்தார்கள். பிரிட்ஜ்டன் பையனைத் தொடர்ந்து போனோம். 1911 கணக்கெடுப்பில் அவன் பெற்றோரோடு கிளாஸ்கோவிலேயே இருக்கிறான். தாத்தா அப்போது கனடாவில். 1914இல் அவன் பிரிட்ஜ்டனிலேயே திருமணம் செய்கிறான். இதன் பிறகு விவாதம் இல்லை.

எந்த இடத்தில் வழி தவறியது என்பதையும் பார்த்தோம். தாத்தாவின் தங்கை 1892இல் பிறந்தவர். அவருடைய பிறப்பு ‘கிளாஸ்கோ’ என்ற தேடலிலேயே சரியாகக் கிடைத்திருக்கிறது, ஆனால் தாயின் பெயர் பிரிட்ஜ்டன் தாயோடு ஒத்துப்போகாததால் ‘வேறு குடும்பம்’ என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அதுதான் சொந்தக் குடும்பம். அன்றைய ஸ்காட்லாந்தில் வாடகை வீடு மாறும் நாள் மே 28. குடும்பம் 1890 மே மாதம் பார்ட்டிக்கை விட்டுக் கெல்வின் ஆற்றுக்குக் கிழக்கே ஆண்டர்ஸ்டனுக்குப் போயிருக்கிறது. சிறு தொலைவுதான். ஆனால் ஆண்டர்ஸ்டன் 1846 முதலே கிளாஸ்கோ, சிவில் பாரிஷ் பரோனி. 1893 மே மாதம் திரும்பவும் பார்ட்டிக். கடைசிப் பிள்ளை 1895இல் அங்கே. அதாவது மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை மட்டும் அன்றைய கணக்கில் கிளாஸ்கோவில் பிறந்தவள்.

1891 கணக்கெடுப்பில் அவர்கள் ஆண்டர்ஸ்டனில் இருக்கிறார்கள். இரண்டு வயதுப் பையன், பிறந்த இடம் லானார்க்‌ஷயர், பார்ட்டிக். அந்த ஆண்டுப் படிவத்தில், ஹைலேண்டு மற்றும் தீவு மக்களின் பழைய மொழியான கேலிக்குக்கென ஒரு பத்தி உண்டு. கணவனுக்கும் மனைவிக்கும் நேரே ‘கேலிக், ஆங்கிலம் இரண்டும்’ என்பதற்கான குறி இருக்கிறது, பையனுக்கு நேரே ஒன்றுமில்லை. பேத்தி அந்த வெற்றுக் கட்டத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார்; தாத்தாவுக்குக் கேலிக் தெரியுமா என்பது அவர்கள் வீட்டில் பழைய வழக்கு.

கொள்ளுத்தாத்தா எங்கே போனார்

1901 கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டி பார்ட்டிக்கில், மூன்று பிள்ளைகளோடு, ‘விதவை’ என்ற குறிப்போடு. கைவிடப்பட்ட பெண்கள் தங்களை விதவை என்று எழுதிக்கொள்வது அபூர்வமல்ல. எனவே அமெரிக்கக் கதை அதனால் மட்டும் பொய்யாகிவிடாது. 1895 முதல் 1901 வரை பார்ட்டிக் பதிவு வட்டத்திலும் கிளாஸ்கோ வட்டங்களிலும் இறப்பைத் தேடியதில் பொருந்தும் ஆள் இல்லை.

இங்கே இரண்டு வழி இருந்தன. அமெரிக்கப் பயணிகள் பட்டியலுக்குப் போவது ஒன்று. பேத்தி அதை விரும்பினார். இன்னொன்று, இறப்பு பதிவாவது வசித்த இடத்தில் அல்ல, இறந்த இடத்தில் என்பதை வைத்து, அவர் பகலில் எங்கே இருந்தார் என்று யோசிப்பது. பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளில் தொழில் ரிவெட் அடிப்பவர், அதாவது கப்பலின் இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைப்பவர், என்று இருந்தது. பார்ட்டிக்கிலும் கப்பல் தளங்கள் உண்டு. ஆனால் எதிர்க்கரைக் கோவனில் இன்னும் பெரியவை இருந்தன. வடகரைத் தொழிலாளர்கள் காலையில் படகேறி ஆற்றைக் கடந்து வேலைக்குப் போவது அன்றாடக் காட்சி. செலவும் குறைவு என்பதால் இரண்டாவது வழியை எடுத்தோம்.

கோவன் பதிவு வட்டம், 1897 மார்ச். கப்பல் தளத்தில் மரணம். இறந்த இடத்துக்குக் கீழே வழக்கமான வசிப்பிடமாகப் பார்ட்டிக் முகவரி. மனைவியின் பெயர், பெற்றோரின் பெயர்கள், எல்லாம் பொருந்தின. ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு, திருத்தப் பதிவேட்டைப் பார்க்கவும் என்று. திடீர் மரணங்களை அரசு வழக்குரைஞர் விசாரித்து அனுப்பும் முடிவு அந்தத் தனிப் பதிவேட்டில்தான் ஏறும். அதில் சாரத்திலிருந்து விழுந்தது காரணமாக இருந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையிடத்தில் நேர்ந்த மரணங்களுக்கு ஷெரிஃப் நீதிமன்றத்தில் ஜூரியோடு பொது விசாரணை நடக்கும்; அதுவும் நடந்திருந்தது.

அமெரிக்கக் கதை எப்படி முளைத்தது என்பதற்கு விடை இல்லை. ஓடிப்போனவர் என்று மூன்று தலைமுறை திட்டித் தீர்த்த மனிதர், வேலைக்குப் போன இடத்தில் ஆற்றின் மறுகரையில் இறந்திருக்கிறார். இதைப் பேத்தியிடம் தொலைபேசியில் சொல்லாமல், பதிவின் படத்தோடு எழுதி அனுப்பினேன். அவர் தன் அண்ணனுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கேட்கவில்லை.

நிவாரண விண்ணப்பம்

இந்தத் தேடலில் மிகச் செழிப்பான ஆவணம் இனிமேல்தான் வருகிறது.

1897 மார்ச்சில் வேலையில் கணவனை இழந்த பெண்ணுக்குச் சட்டம் பெரிதாக எதையும் தரவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறி, 1898 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று சிறு பிள்ளைகள், சம்பாதிக்க ஆளில்லை. பாரிஷிடம் உதவி கேட்டிருப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் உள்ள நகர ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால ஏழையர் நிவாரண விண்ணப்பங்கள் அருமையாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன: சிட்டி பாரிஷ் 1851 முதல், பரோனி 1861 முதல், கோவன் 1876 முதல். மூன்றும் தனித்தனி வரிசை. சிட்டியும் பரோனியும் 1898இல் இணைந்து கிளாஸ்கோ பாரிஷ் ஆயின; கோவன் தனியாகவே நின்றது.

குடும்பத்தில் ஒருவர் முன்பே காப்பகத்துக்குப் போய், கிளாஸ்கோக்காரர்கள் என்பதால் சிட்டி, பரோனி வரிசைகளை மட்டும் பார்த்துவிட்டு, ‘எங்கள் குடும்பம் கையேந்தியதில்லை’ என்ற நிம்மதியோடு திரும்பியிருந்தார். நாங்கள் எங்கள் அட்டவணையைப் பார்த்தோம். 1897, பார்ட்டிக், சிவில் பாரிஷ் கோவன். அந்த வரிசையின் பெயர்ப் பட்டியலில் கொள்ளுப்பாட்டி இருந்தார்.

விண்ணப்பத்தில் அவருடைய வயது, பிறந்த ஊர், பிறந்த வீட்டுப் பெயர், மதம், கணவர் இறந்த விதம், பிள்ளைகளின் வயதும் பிறந்த இடமும், அவருடைய பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்பது வரை இருக்கிறது. அதைவிட முக்கியம், திருமணம் முதல் அன்று வரை குடியிருந்த முகவரிகள் அத்தனையும், வந்த தேதியோடும் போன தேதியோடும். விண்ணப்பத்தை விசாரித்த பாரிஷ் ஆய்வாளருக்கு இவ்வளவு விவரம் எதற்கு? இரக்கத்தால் அல்ல. செலவை யார் தலையில் கட்டுவது என்று பார்க்க.

அன்றைய விதிப்படி ஒரு பாரிஷில் தொடர்ந்து ஐந்து ஆண்டு, யாரிடமும் கையேந்தாமல் வசித்தால்தான் அங்கே நிவாரணம் பெறும் உரிமை பிறக்கும்; 1898இல் இது மூன்றாகக் குறைந்தது. மனைவிக்குக் கணவரின் உரிமை. அந்த உரிமை எங்கும் ஈட்டப்படவில்லை என்றால் கணவர் பிறந்த பாரிஷ் பொறுப்பு. இந்தக் குடும்பம் 1887 முதல் 1890 வரை பார்ட்டிக், 1893 முதல் 1897 வரை மீண்டும் பார்ட்டிக். இடையில் மூன்று ஆண்டு ஆண்டர்ஸ்டன், அதாவது பரோனி பாரிஷ். கூட்டினால் பத்து ஆண்டு கிளைட் கரையிலேயே இருந்தவர்கள். எந்த ஒரு பாரிஷிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டு இல்லை. ஆய்வாளர் முகவரிப் பட்டியலின் அருகில் பாரிஷ் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்து, ஆண்டர்ஸ்டன் வரிக்கு நேரே கோடிட்டிருக்கிறார். கீழே முடிவு: பொறுப்பு டைரீ. கோவன் பாரிஷ் முதலில் வாரப் பணம் கொடுக்கும், பிறகு டைரீ தீவின் பாரிஷிடம் வசூலிக்கும்.

கெல்வின் ஆற்றைத் தாண்டி வீடு பார்த்ததில் இவ்வளவு இருக்கிறது என்று அந்தத் தம்பதிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஆய்வாளரின் அந்தப் பென்சில் கோடு இல்லாவிட்டால், டைரீயில் எந்தக் குடியிருப்பு, அங்கே உயிரோடு இருந்த உறவினர் யார் என்ற குறிப்புகள் அந்தத் தாளில் ஏறியிருக்காது. 1855க்கு முந்தைய தீவுப் பதிவுகளில் ஒரே பெயரில் மலிந்து கிடக்கும் ஆட்களில் நம் ஆளைப் பிரித்தெடுக்க அந்தக் குடியிருப்பின் பெயர் ஒன்றுதான் உதவியது.

1905இலும் 1915இலும்

கடைசியாகச் சரிபார்க்க வேண்டியது 1915 படிவத்தின் அந்தக் கீழ் முகவரி. கொள்ளுப்பாட்டி நகரத்துக்குக் குடிபோனாரா? 1855 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்கள் இதற்குக் கைகொடுக்கும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர், ஆண்டு வாடகை எல்லாம் இருக்கும். (ஆண்டு வாடகை 4 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளில் வாடகைதாரர் பெயர் விடுபட்டிருக்கலாம்.) ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் 1905க்கும் 1915க்கும் இவை கிடைக்கின்றன.

1905இல் அவர் பார்ட்டிக் நகராட்சிப் பட்டியலில். 1915இல் கிளாஸ்கோ பட்டியலில். கதவு எண்ணும் தெருவும் ஒன்றே. அது மட்டும் போதாது என்று அதே படிக்கட்டில் குடியிருந்த மற்றவர்களையும் ஒப்பிட்டோம்: உரிமையாளர் மாறவில்லை, வாடகை வசூலிக்கும் முகவர் மாறவில்லை, அண்டை வீட்டு வாடகைதாரர்களில் பலர் அப்படியே இருந்தார்கள். அவர் எங்கும் போகவில்லை. 1921 கணக்கெடுப்பிலும் அதே வீடு.

மற்ற நகரங்களில் இதே சிக்கல்

கேட்பவர்கள் கிளாஸ்கோவோடு நிற்பதில்லை என்பதால் சுருக்கமாக. எடின்பரோவில் இதே கதைக்கு லீத் உதாரணம். 1833 முதல் தனி நகரசபை. 1920இல், உள்ளூர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை எதிர்த்தும், எடின்பரோவோடு இணைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் லீத்தில் மின்சார டிராம், எடின்பரோவில் கேபிள் டிராம். பில்ரிக்கில் பயணிகள் இறங்கி மாறி ஏற வேண்டியிருந்தது. பதிவு வட்டங்களின் எண்களிலும் அந்த எல்லை தெரியும்: எடின்பரோ 685 என்று தொடங்கும், லீத் 692. போர்ட்டபெல்லோ 1896இலேயே எடின்பரோவுக்குள் வந்துவிட்டது. டண்டியில் பிராட்டி ஃபெரி, 1913. அபர்தீனில் டோரி, 1891. இது கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் அதற்கு முன் டோரி இருந்தது வேறு கவுண்டியில். கின்கார்டின்‌ஷயர், நிக் பாரிஷ் என்று தேடாவிட்டால் கிடைக்காது.

இணைப்புக்குப் பிறகு தெருப் பெயர்களும் மாறும். ஒரே நகரில் இரண்டு சார்லட் தெரு இருக்க முடியாது என்பதால் லீத்தின் சார்லட் தெரு, குவீன் சார்லட் தெரு ஆனது. கார்பல்ஸின் மெயின் தெரு இன்று கார்பல்ஸ் தெரு. பழைய முகவரியை இன்றைய வரைபடத்தில் தேடி, ‘இடித்துவிட்டார்கள்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்த முறை மாற்றிச் செய்யப்போவது

எல்லை அட்டவணையை இப்போது முதல் வேலையாகவே வைத்துக்கொள்கிறேன், தாள்களைப் பார்க்கும் முன்னாலேயே. நகராட்சி, சிவில் பாரிஷ், பதிவு வட்டம், கவுண்டி, பள்ளி வாரியம் என்று ஐந்து பத்தி; மேலே பத்து ஆண்டுக்கு ஒரு வரி, எல்லை மாறிய ஆண்டுகளுக்குத் தனி வரி.

மரத்தில் இடத்தை ஏற்றும்போது, பதிவில் உள்ளபடியே எழுதச் சொல்கிறேன். மென்பொருள்கள் பெட்டியில் நான்கு எழுத்து அடித்ததும் தாமாகவே முழு முகவரியை நிரப்புகின்றன. 1889இல் பிறந்த குழந்தைக்கு ‘கிளாஸ்கோ, ஸ்ட்ராத்கிளைட்’ என்று விழுகிறது. ஸ்ட்ராத்கிளைட் என்ற வட்டாரம் 1975 முதல் 1996 வரை மட்டும் இருந்தது. ரதர்க்ளென் அந்த இருபத்தோரு ஆண்டு கிளாஸ்கோ மாவட்டத்துக்குள் இருந்து, இப்போது தெற்கு லானார்க்‌ஷயரில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் மரங்களில் மூன்று விதமாகவும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிடுவது நல்லது. இன்றைய பெயர் வேண்டுமென்றால் குறிப்புப் பகுதியில் போடலாம்.

இறப்பு கிடைக்காதபோது வேலையிடம் இருந்த வட்டத்தையும் முதல் சுற்றிலேயே சேர்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் அது இரண்டாம் சுற்றுக்குப் போனது.

பேத்தி பிரிட்ஜ்டன் கிளையைத் தன் மரத்திலிருந்து எடுத்துவிட்டார். அதைப் பிரதியெடுத்து வைத்திருந்தவர்களுக்கு இரண்டு பிறப்புப் பதிவுகளையும் அருகருகே வைத்து எழுதினார். சிலர் மாற்றிக்கொண்டார்கள், சிலரிடமிருந்து பதில் இல்லை. டைரீ பாரிஷ் பக்கத்தில், கோவன் அனுப்பிய வசூல் கணக்கு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. ஆர்கைல் கவுண்டி ஆவணங்கள் லோக்கில்ப்ஹெட்டில் இருக்கின்றன, அடுத்த கேள்வி அங்கே போகும்.